ஆளில்லாத் தீவன்று, ஆளொழிந்த தீவு!

மாந்தர் காலடி படாத இடமொன்றைக் காண வேண்டும் என்னும் வேட்கை செல்வ நாடுகளில் இன்று பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கூட்டமும் இரைச்சலும் மிக்க நகரங்களில் ஆண்டு முழுதும் உழன்றோர், முழுநாளுக்கும் தனிப்படகு அமர்த்திக்கொண்டு, ஆளில்லாத் தொலைத்தீவுகளுக்குச் சென்று மாலையில் மீள்கின்றனர். இயற்கையை அதன் தனிமையிற் கண்டு உளந்தேற விழைவது குற்றமன்று. ஆனால், அத் தீவில் ஆள் இல்லாமற் போனது எவ்வாறு என்று வினவாமலே சென்று மீள்வது அறியாமை. அறிந்தும் வினவாதிருப்பது அறமன்று.

இவ்வேறுபாட்டைத் தமிழ்மொழி தன் சொற்களிலேயே காட்டி வைத்துள்ளது. மாந்தர் குடியேறாத நிலம் காடு. குடியிருந்தோர் நீங்கிய நிலம் பாழ். பாழ்மனை என்ற அளவிலேயே அங்கு முன்பு விளக்கெரிந்தது என்பதும் பெறப்படும். காட்டைக் காணச் செல்வோன் வியப்போடு செல்லலாம். பாழைக் காணச் செல்வோன் வணக்கத்தோடு செல்லக் கடவன். பாழைக் காடென்று சொல்லி விற்பதுதான் இத்தொழிலின் குறை.

இதற்குச் சான்றாக நிற்பது இசுக்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள செயிண்ட் கில்டா என்னும் தீவுக்கூட்டம். புறவெபிரிடீசுத் தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக்குப் பெருங்கடலின் நடுவே அது கிடக்கின்றது. இர்ட்டா, சோவே, போரரே, தூன் என்பன அதன் தீவுகள். 400 மீட்டருக்கு மேலும் நிமிர்ந்த கடற்பாறைச் சுவர்களும், கடலினின்று செங்குத்தாக எழும் கற்றூண்களும், பல்லாயிரக் கணக்கில் மொய்க்கும் கடற்பறவைகளும் காண்போரை வாயடைக்கச் செய்வன. ஆரிசுத் தீவின் துறையிலிருந்து பன்னிருவர் அளவே ஏறும் விரைபடகுகள் கோடைக் காலையிற் புறப்பட்டு, மூன்று மணி நேர அளவில் இர்ட்டாவின் ஊர்க்குடாவை அடைகின்றன. அலை மிகுந்தால் செலவே இல்லை. நங்கூரமிட்ட பின்னும் சிறுதோணிக்கு மாறியே கரையேற வேண்டும். நான்கைந்து மணி நேரம் நடந்து, கண்டு, மீண்டும் படகேறினால் அந்நாள் முடிந்தது.

கரையேறியவர் முதலிற் காண்பது பறவையையன்று, ஒரு தெருவை. பிறைபோல் வளைந்த ஒற்றைத் தெருவில், 1860-களிற் கட்டிய பதினாறு கல்வீடுகளின் சுவர்கள் நிற்கின்றன. மலைச்சரிவெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்குதிர்கள். காற்று ஊடுருவுமாறு இடைவெளி விட்டு அடுக்கிய அவற்றில்தான் அம்மக்கள் பறவை இறைச்சியையும் முட்டையையும் உலர்த்திச் சேமித்தனர். மரமே முளையாத அந்நிலத்தில், வெறுங்காலோடு கயிற்றிற் பாறைச்சுவர் இறங்கிப் பறவை பிடித்தே வாழ்ந்தனர். காலைதோறும் ஆடவர் தெருவிற் கூடி, அன்றைய பணியைத் தாமே பேசி முடிவு செய்தனர். கேயலிக்கு மொழியே அவர்தம் தாய்மொழி. நிலவுரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. தீவின் உடைமையாளராகிய மக்கிளவுடு குடும்பத்தார்க்கு இறகும் எண்ணெயும் துணியுமே அவர்கள் செலுத்திய வாரம்.

இத்தகைய குடி எவ்வாறு ஒழிந்தது? ஒரே நாளில் ஒழிந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 180 பேர் அளவில் வாழ்ந்தனர். 1727-இல் அயலிடத்திலிருந்து வந்த அம்மைநோய் ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. பறவை பிடிக்கச் சென்ற மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும், திருப்பி அழைக்க ஆளின்றிக் கற்றூண் ஒன்றில் ஒரு கூதிர்காலம் முழுதும் கிடந்து மீண்டனர். பிற தீவுகளிலிருந்து குடியேற்றியே ஊர் மீண்டும் உயிர்த்தது. 1852-இல் 36 பேர் ஆத்திரேலியாவுக்குக் கப்பலேறினர். பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகளைக் கொன்ற இசிவுநோய் 19-ஆம் நூற்றாண்டில் வீடுதோறும் அழுகுரல் எழுப்பிற்று.

இவற்றோடு சேர்ந்து வந்ததுதான் சுற்றுலா. 1877 முதல் கோடைதோறும் நீராவிக் கப்பல்கள் செல்வரை ஏற்றி வந்து இறக்கின. பாறை ஏறுவது அம்மக்களுக்கு வாழ்க்கை. வந்தவர்க்கோ அது வேடிக்கை. வந்தவர் காசு கொடுத்தனர். இவர்கள் துணியும் முட்டையும் விற்றனர். தம் கையையும் கடலையும் நம்பியிருந்த குடி, கோடைக் கப்பலையும் அயலார் கொடையையும் எதிர்நோக்கும் குடியாக மெல்ல மாறிற்று. கப்பல் வாராத கூதிரில் அவர்களை நினைப்பாரில்லை. மடலை மரத்துண்டிற் குடைந்து வைத்து, ஆட்டுத்தோற் பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விட்டே செய்தி அனுப்பினர். முதல் உலகப்போருக்குப்பின் இளைஞர் ஒவ்வொருவராக வெளியேறினர். 1920-இல் 73 ஆக இருந்த மக்கள்தொகை, 1928-இல் 37 ஆயிற்று.

1930 மே 10-ஆம் நாள், தம்மை வெளியேற்றுமாறு அரசுக்கு அவர்களே விண்ணப்பம் எழுதினர். ஆகத்து 29-ஆம் நாள் எஞ்சிய 36 பேரும் கப்பலேறினர். புறப்படுமுன் வீடுதோறும் விவிலியத்தைத் திறந்து வைத்து, அருகே சிறிது தானியத்தையும் வைத்துக் கதவடைத்தனர். மரமே கண்டறியாத அம்மக்களிற் சிலருக்கு மறுகரையிற் கிடைத்த வேலை காடு வளர்க்கும் வேலை!

"அவர்களே கேட்டுத்தானே போனார்கள்?" என்பார் உளர். ஆம், கேட்டார்கள். மருத்துவமும் அஞ்சலும் போக்குவரவும் பிற குடிமக்களுக்குப்போல் ஒழுங்குறக் கிடைத்திருந்தும் கேட்டிருந்தால், அஃது அவர்தம் விருப்பம். நூற்றாண்டுக் காலம் கைவிட்டபின் எழுந்த வேண்டுகோளை விருப்பம் என்பது, நீரூற்றாதவன் 'பயிர் தானே வாடிற்று' என்பதனை ஒக்கும்.

தீவின் பெயரே மற்றுமொரு பாடம். 'செயிண்ட் கில்டா' என்றால் தூய கில்டா. அப்பெயருடைய தூயவர் எவரும் வாழ்ந்ததற்குச் சான்றில்லை. அயல் கடலோடிகளும் நிலப்படம் வரைந்தோரும் பிழைபட எழுதிய பெயரே அது என்பது அறிஞர் கருத்து. அங்குப் பிறந்தோர் வழங்கிய இர்ட்டா ஒரு தீவின் பெயராய்ச் சுருங்கிற்று. இல்லாத தூயவரின் பெயர் உலகெங்கும் நிலைத்தது. பேசுவோர் சிதறினால் பெயரும் பிறர் கைப்பட்டுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அத்தீவிற் பிறந்தோருள் இறுதியாக எஞ்சியவர் 2016-இல் தம் 93-ஆம் அகவையில் மறைந்தார். அவரோடு அம்மண்ணின் பேச்சை அம்மண்ணிலேயே கேட்டு வளர்ந்த செவியும் மறைந்தது.

இன்று அத்தீவு நன்றாகவே காக்கப்படுகின்றது. 1957 முதல் இசுக்காட்லாந்தின் நேசனல் திரசுட்டு என்னும் அறக்கட்டளை அதனைப் பேணுகின்றது. 1986-இல் இயற்கைச் சிறப்புக்காகவும், 2005-இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் யுனெசுகோ அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஓர் எலி ஏறிவிட்டாலும் பறவைக் குஞ்சுகள் அழியும் என்று படகுகளை விழிப்போடு நோக்குகின்றனர். படைத்துறையின் கண்காணிப்பு நிலையமும் அங்கே இயங்குகின்றது. இவற்றையெல்லாம் பாராட்டலாம். எனினும் ஒன்றை ஓர்ந்து நோக்க வேண்டும். இயற்கைக்காக ஏற்ற உலகம், அங்கு வாழ்ந்த மாந்தர்க்காக ஏற்க மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. பறவையைக் காக்கவும் படையை நிறுத்தவும் இன்று வழி கண்டுள்ளனர். முப்பத்தாறு மாந்தரை வாழவைக்க அன்று வழி காணவில்லை.

படகுச் செலவுகளை நிறுத்த வேண்டும் என்பது கருத்தன்று. செல்வோர் செல்லட்டும். செல்லுமுன் அந்நிலத்தார் தம் நிலத்தை எப்பெயரால் அழைத்தனர், எம்மொழி பேசினர், ஏன் நீங்கினர் என்று அறிந்து செல்லட்டும். படகு நடத்துவோர் பறவைகளின் பெயர்களைச் சொல்லுமளவுக்கு, அவ்வீடுகளில் வாழ்ந்தோர் பெயர்களையும் சொல்லட்டும்.

சிற்றூரோ சிறுதீவோ, சிறுமொழி பேசும் சிறுகுடியோ, வாழும் காலத்திற் கைவிட்டுவிட்டு ஒழிந்தபின் காட்சிப்பொருளாக்குவது எந்நாட்டுக்கும் பெருமையாகாது. பாழைப் பேணுவது நன்று. பாழாகாமற் காப்பது அதனினும் நன்று. முன்னதற்குக் கட்டணம் போதும். பின்னதற்கு அம்மக்கள்பால் மதிப்பும், உற்ற காலத்தில் நீளும் கையும் வேண்டும்.