முதன்மைத் திறவுகோலை ஆக்குவார் யார்?

பெயரின்றிப் பொருளைச் சுட்டுதல் அரிது. ஒரு பெயரே பலர்க்கு வழங்குமாயின் ஐயமும், ஒருவர் பெயரே அடிக்கடி மாறுமாயின் குழப்பமும் விளையும். கணிப்பொறியின் களஞ்சியமாகிய தரவுத்தளத்துக்கும் இஃது ஒக்கும். அதன் அட்டவணையில் ஒரு நிரையை ஏனைய நிரைகளினின்று பிரித்துக் காட்டும் அடையாளமே முதன்மைத் திறவுகோல். பிரைமரி கீ என வழங்குவதும் இதுவே. ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட் என்பார் உறவுமுறைத் தரவமைப்பை வகுத்துரைத்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இப்பெயர் காணப்படுகின்றது.

ஜாவா மொழியில் நிரல் எழுதுவார் இந்நாளில் பெரும்பாலும் அட்டவணைகளை நேரே கையாள்வதில்லை. ஆப்ஜெக்ட் எனப்படும் நிரற்பொருள்களை நிரைகளாகவும், நிரைகளை மீண்டும் பொருள்களாகவும் மாற்றித் தரும் ஓ.ஆர்.எம். கருவிகள் இடைநின்று ஏவல் புரிகின்றன. அவற்றுள் 2001-இல் தோன்றிய ஹைபர்நேட் பெயர் பெற்றது. 2006-இல் வெளிவந்த ஜே.பி.ஏ. அத்தகைய கருவிகட்குப் பொதுவிதி. அவ்விதிப்படி ‘ஆட்டோ’ என்றொரு சொல்லை எழுதிவிடின், திறவுகோலை ஆக்கும் வழியைக் கருவியே தெரிந்துகொள்ளும். எளிமை கருதிப் பலர் இதனோடு அமைகின்றனர். இத்தெரிவைக் கருவியின்பால் விடுத்து வாளாவிருத்தல் தகாது என்பதே எமது துணிபு.

முதற்கண், திறவுகோல் வேறு செய்தி எதனையும் சுமவாததாதல் வேண்டும். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் ஒருவரைக் குறிப்பனவாயினும் மாறுந்தன்மையன. அவை மாறுங்கால், அவற்றைச் சுட்டி நிற்கும் பிற அட்டவணைகளின் நிரைகளையெல்லாம் உடன் மாற்றல் வேண்டும். ஆதலின், அடையாளம் ஒன்றற்கே அமைந்த எண்ணை ஆக்கிக்கொள்ளுதல் நன்று.

அவ்வெண்ணை ஆக்கும் வழிகள் பல. ‘ஐடென்டிட்டி’ என்னும் வழியில், நிரை சேருங்கால் தரவுத்தளமே எண்ணை அளிக்கும். இஃது எளிதாயினும் இதன்கண் இரு குறைகள் உள. எண்ணை அறியும்பொருட்டு நிரையை உடனே சேர்க்க நேர்தலின், பல நிரைகளைத் தொகுத்து ஒருங்கே அனுப்பும் வசதியை ஹைபர்நேட் இவ்வழியில் நிறுத்திவிடுகின்றது. மேலும், சேமிக்கப்படாத பொருளுக்கு அடையாளமே இல்லை. அடையாள எண்ணைக்கொண்டு ஹாஷ் மதிப்பைக் கணித்து அப்பொருளை ஒரு தொகுதியில் இட்டுப் பின்னர்ச் சேமித்தால், மதிப்பு மாறிவிடுதலின் தொகுதியில் அது தேடியும் அகப்படாது.

‘சீக்வென்ஸ்’ என்பது தரவுத்தளம் பேணும் எண்வரிசை. ஜே.பி.ஏ. இயல்பாக வகுத்த தொகை 50 ஆதலின், கருவி ஒருமுறை கேட்டு 50 எண்களைப் பெற்றுவைத்து, நிரை சேருமுன்னரே பொருள்கட்கு வழங்கவல்லது. நிரல் இடையில் நின்றுவிடின் எஞ்சிய எண்கள் வீணாம். அதனால் இழுக்கில்லை, அடையாளம் எண்ணிக்கை பார்த்தற்கு உரியதன்று. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகியவற்றில் இவ்வசதி உண்டு, மை-எஸ்.கியூ.எல்.-இல் இல்லை. எனவே, ஹைபர்நேட்டின் 5-ஆம் பதிப்பு ‘ஆட்டோ’ என்னும் சொல்லைக் கண்டவிடத்து, மை-எஸ்.கியூ.எல்.-இல் தனி அட்டவணை ஒன்றைக்கொண்டு எண்வரிசைபோல் நடத்திற்று. எண் வேண்டுந்தோறும் அதன் நிரையைப் பூட்டித் திறக்க நேர்ந்தமையின், எழுதியவர் அறியாமலே வேலை தாமதப்பட இஃது இடந்தந்தது.

மூன்றாவது வழி 128 பிட் நீளமுடைய யூ.யூ.ஐ.டி. தரவுத்தளத்தைக் கேளாமலே எக்கணிப்பொறியும் இதனை ஆக்கலாம். ஆயின், ஒழுங்கின்றி ஆக்கிய எண்கள், திறவுகோல் வரிசையில் நிரைகளை அடுக்கும் இன்னோடிபி போன்ற அமைப்பில் ஆங்காங்கே சிதறி விழுந்து, நிறைந்த பக்கங்களைப் பிளக்கச் செய்து வேகத்தைக் குன்றுவிக்கும். 2024-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9562 வகுத்த ஏழாம் வகை இதற்கு மருந்தாம். அதன் முதல் 48 பிட்டுகள் காலத்தைக் குறித்தலின் எண்கள் வரிசைப்படுகின்றன.

வரிசை எண் பிறர் கண்ணிற் படுமாயின் மறை வெளிப்படுதலும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டார், கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களை ஆராய்ந்து, 1942 ஆகஸ்டில் 327 டாங்கிகள் செய்யப்பட்டன என மதித்தனர். உளவுத்துறையார் கூறியதோ 1,550. போருக்குப்பின் கிடைத்த ஜெர்மானியக் கணக்கில் இருந்தது 342. விற்பனைச் சீட்டில் திறவுகோலையே அச்சிடும் வணிகரின் விற்பனையைப் போட்டியாளர் இங்ஙனமே கணித்தல் கூடுமன்றோ?

ஆகவே, தரவுத்தளம் ஒன்றேயாய்ச் சீக்வென்ஸும் உளதாயின் அதனையே கொள்க. குறியுடைய 32 பிட் எண் 2,14,74,83,647-இல் முடிந்துவிடுதலின் 64 பிட் எண்ணை அமைக்க. பல கணிப்பொறிகள் தனித்தனியே நிரைகளை ஆக்குமாயின் யூ.யூ.ஐ.டி. ஏழாம் வகை தக்கது. மை-எஸ்.கியூ.எல்.-இல் நிகழும் சிறு பணிக்கு ஐடென்டிட்டி போதும். எவ்வழியாயினும், வெளியார்க்குக் காட்டும் எண் வேறாதல் நலம். நிரலை ஒரு நாளில் திருத்தலாம்; பல அட்டவணைகளில் வேரோடிய அடையாளத்தைத் திருத்தல் எளிதன்று. முதல் நிரை புகுமுன்னரே ஆராய்ந்து, தெரிந்த வழியைத் தம் கையாலேயே எழுதிவைத்தல் நிரலாளர் கடனாம்.