காலையில் மதுரைக்கு ஒரு ரயில் வேண்டும்



நம்ம உசிலம்பட்டிக்கு ரயில் 1928-லேயே வந்துவிட்டது. மதுரையில் இருந்து போடி வரை 90 கிலோமீட்டர். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற நாங்கள் பிறந்ததே அதற்கு அப்புறம்தான்! 2022-ல் தேனி வரையும், 2023-ல் போடி வரையும் மறுபடி ரயில் வந்தது.

ஆனால் 2022-ல் விட்ட ரயிலின் நேரத்தைப் பாருங்கள். காலையில் மதுரையில் கிளம்பித் தேனிக்குப் போகும். சாயங்காலம் தேனியில் கிளம்பி மதுரைக்குத் திரும்பும். காலேஜ், பெரியாஸ்பத்திரி, கோர்ட்டு, பூ மார்க்கெட் எல்லாம் இருப்பது மதுரையில். நாம காலையில் போய்ச் சாயங்காலம் வரணும். ரயில் அப்படியே தலைகீழ்.

எங்க பெரியப்பா மகள் மதுரையில் காலேஜ் சேர்ந்தாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வீடு வந்து சேர ராத்திரி 8 மணி ஆகும். முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்குப் படிப்பு வராமல் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் 94 எடுத்தவள். நம்ம பள்ளியில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படி ஆகப் போகிறதோ!

மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை ரயில் சீசன் டிக்கெட் இலவசம். இது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. பாஸ் கொடுக்கிறார்கள், ஆனால் முதல் மணி அடிப்பதற்குள் கொண்டுபோய் விட ரயில் வேண்டாமா? பெண்களுக்குத்தான் பஸ் இலவசம் ஆச்சே என்று சிலர் கேட்பார்கள். அது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும். அதிலும் நிற்க இடம் கிடைத்தால்தான்.

என் யோசனை இது. காலையில் போடியில் கிளம்பி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, வடபழஞ்சி வழியாக 8 மணிக்குள் மதுரை சேருகிற மாதிரி ஒரு ரயில். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அதே ரயில் திரும்பணும். சென்னையில் ஓடுகிற மின்சார ரயில் மாதிரி இரண்டு முனையிலும் டிரைவர் அறை இருந்தால் எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டாம், உடனே திருப்பி விடலாம். சென்னை பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்தது. நமக்கு இருப்பது ஒற்றைப் பாதை, எதிரெதிர் ரயில்கள் ஸ்டேஷனில்தான் விலக முடியும். அதனால் பத்து ரயில் கேட்கவில்லை. முதலில் ஒன்று போதும்.

சரி, மதுரை ஜங்ஷனில் இறங்கியாச்சு. அப்புறம்? பூக்கூடையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போக ஆட்டோவுக்குக் கொடுத்தால் பூ விற்ற காசில் பாதி போய்விடும். நேரம் ஆக ஆக மல்லிகை விலையும் இறங்கும். இதற்கு டிராம் விடலாம். ரோட்டிலேயே தண்டவாளம் பதித்து ஓடுகிற சின்ன ரயில் அது. சென்னையில் 1895-ல் இருந்து 1953 வரை மின்சார டிராம் ஓடியிருக்கிறது. ஜங்ஷனில் இருந்து சிம்மக்கல், வைகைப் பாலம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று ஒரே ஒரு கோடு போட்டால் மீனாட்சி காலேஜ், பெரியாஸ்பத்திரி, மார்க்கெட் மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

மாசி வீதிகளில் மட்டும் விடக் கூடாது. மேலே மின்கம்பி கட்டினால் சித்திரைத் தேர் எப்படிப் போகும்? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கும் டிராமுக்கு லீவுதான்.

மதுரைக்கு மெட்ரோ கேட்டார்கள், திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை. 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. ஊரில் 20 லட்சம் ஜனம் இல்லை என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வந்திருந்தாலும் உசிலம்பட்டிப் பக்கம் திரும்பியே பார்த்திருக்காது. டிராமுக்குச் சுரங்கம் தோண்ட வேண்டாம், தூண் கட்ட வேண்டாம். ஆனால் ரோட்டை மறித்து வண்டி நிறுத்துகிறவர்களை முதலில் அப்புறப்படுத்தணும். அதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

டிராம் வர வருஷக்கணக்கு ஆகும். காலை ரயிலுக்குத் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. அடுத்த கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதி, தமிழம்மாவிடம் திருத்தக் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கித் தர விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் 9-ஆ பிரிவுக்கு வாருங்கள். ஆண்பிள்ளைகளும் வரலாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி