வட்டத்துக்குள் நெரிசல்: விதியை மாற்றினால் ஆட்டம் திறக்குமா?

கடந்த அக்டோபர் 18ஆம் தேதி ஜொகூர் பாரு, தாமான் டாயா ஹாக்கி அரங்கத்தில் 2025 சுல்தான் ஜொகூர் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. 21 வயதுக்குட்பட்ட ஆடவருக்கான இந்தப் போட்டியில் ஆஸ்திரேலியா 2-1 என்ற கோல் கணக்கில் இந்தியாவை வென்றது. 13ஆவது நிமிடத்தில் ஆஸ்திரேலியா முதல் கோலைப் போட்டது. 17ஆவது நிமிடத்தில் இந்தியா சமன் செய்தது. அதன் பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் கோல் இல்லை. 59ஆவது நிமிடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றிக் கோல் கிடைத்தது. கடைசி நேரத்தில் இந்தியாவுக்கு அடுத்தடுத்துப் பெனால்டி கார்னர்கள் கிடைத்தும் பந்து உள்ளே போகவில்லை.

ஆட்டத்தின் மூன்று கோல்களும் பெனால்டி கார்னரில் வந்தவை. ஓடிவந்து, ஆளைக் கடந்து, வட்டத்துக்குள் புகுந்து அடித்த கோல் ஒன்றுகூட இல்லை.

இதை ஓர் ஆட்டத்தின் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தொடர்ந்து ஹாக்கி பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு குழு பந்தோடு முன்னேறுகிறது. எதிரணியின் பத்துப் பேரும் பின்னால் ஓடிவந்து வட்டத்துக்குள் நிற்கிறார்கள். அடிக்க இடைவெளி கிடைக்காத தாக்குதல் ஆட்டக்காரர், நிற்பவரின் காலைப் பார்த்துப் பந்தைத் தள்ளுகிறார். காலில் பட்டால் பெனால்டி கார்னர். கோல் போடுவதைவிடக் கால் தேடுவது எளிதாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஹாக்கித் திடல் 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. 22 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 228 சதுர மீட்டர். கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வரையப்படும் வட்டத்தின் பரப்பு சுமார் 390 சதுர மீட்டர்தான். அதற்குள் 16 பேர் கூடினால் தலைக்கு 24 சதுர மீட்டர். தோட்டத்து லயத்து வீட்டின் முன்கூடமும் ஓர் அறையும் சேர்ந்த அளவு. அதற்குள் மட்டையைப் பின்னால் ஓங்கக்கூட இடம் கிடைக்காது.

இந்தத் தலைவலி ஹாக்கிக்கு மட்டும் உரியதல்ல. கிண்ணத்தை வென்று சென்ற ஆஸ்திரேலியர்களின் சொந்த நாட்டில், அவர்களுடைய சொந்தக் காற்பந்தான ஏஎஃப்எல் ஆட்டத்திலும் பல ஆண்டுகளாக இதே வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நாம் அறிந்த காற்பந்து அல்ல. முட்டை வடிவத் திடல், முட்டை வடிவப் பந்து, குழுவுக்கு 18 பேர், கையாலும் காலாலும் பந்தை அனுப்பலாம், ஆஃப்சைடு கிடையாது. மெல்பர்ன் கிரிக்கெட் அரங்கத்தின் ஆடுபகுதி ஏறத்தாழ 160க்கு 141 மீட்டர். 36 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 490 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஹாக்கியைப் போல் இரண்டு மடங்கு. அப்படியும் அங்கே பந்து விழும் இடத்தில் இருபது முப்பது பேர் ஒரே குவியலாகிவிடுகிறார்கள் என்பதுதான் புகார். இடம் தாராளமாக இருந்தும் நெரிசல் வருகிறது என்றால், திடலின் அளவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டக்காரர்கள் ஏன் ஒரே இடத்துக்குப் போகிறார்கள், எப்படிப் போக முடிகிறது என்று கேட்க வேண்டும்.

ஏஎஃப்எல் இரண்டு வகையில் மருந்து கொடுத்துப் பார்த்தது. ஒன்று, ஆளை இடத்தில் நிறுத்துவது. 2019இல், நடுத்திடலில் ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் இரு குழுவும் முன்னால் 6, நடுவில் 6, பின்னால் 6 என்று நிற்க வேண்டும் என விதித்தார்கள். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அந்த ஆண்டு சராசரிப் புள்ளிகள் உயரவில்லை, முந்தைய ஆண்டைவிடக் குறைந்தன. காரணம் எளிது. விதி ஆட்டம் தொடங்கும் அந்த நொடியை மட்டும் ஆள்கிறது. பந்து உயிர் பெற்ற பத்து நொடியில் எல்லாரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நம்முடைய பெனால்டி கார்னரும் ஒரு வகையில் இதே மருந்துதான். கோல் காவலரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றத் தற்காப்பாளர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும். விதியே கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. கோல் விழுகிறது. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கூட்டமும் மறுபடி சேர்ந்துவிடுகிறது. கலைக்கப்பட்ட அந்தச் சில நொடிகளில்தான் தாமான் டாயாவில் மூன்று கோல்களும் வந்தன.

இரண்டாவது மருந்து காலைக் களைப்படைய விடுவது. ஏஎஃப்எல்லில் ஒரு குழு ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் ஆள் மாற்றிக்கொண்டிருந்த காலம் உண்டு. சில நிமிடம் முழு வேகத்தில் ஓடு, வெளியே வந்து மூச்சு வாங்கு, மறுபடி உள்ளே போ. இப்படி ஆடினால் திடலின் எந்த மூலையில் பந்து விழுந்தாலும் அங்கே போய்ச் சேரப் புத்துணர்ச்சியான கால்கள் இருக்கும். அதனால் 2014இல் ஆள் மாற்றத்துக்கு 120 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2016இல் 90 ஆக்கினார்கள். 2021இல் 75. களைத்தவன் எல்லா இடத்துக்கும் ஓட மாட்டான், இடைவெளி தானாகப் பிறக்கும் என்பது எண்ணம். இதனால் ஆட்டம் முழுதாகத் திறந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நோயின் வேரைப் பார்த்த மருந்து இதுதான் என்பது என் கணிப்பு.

ஹாக்கியின் சொந்த வரலாறும் இதையே காட்டுகிறது. ஒரு காலத்தில் ஹாக்கியிலும் ஆஃப்சைடு இருந்தது. தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பதை 1972இல் இருவர் என்று தளர்த்தினார்கள். 1987இல் திடலின் கடைசிப் பகுதிக்கு மட்டும் அதைச் சுருக்கினார்கள். 1996இல் சோதனையாக முழுதும் எடுத்தார்கள். 1998இல் அது நிலையானது. ஆஃப்சைடு இருந்தபோது தற்காப்பாளர்கள் முன்னேறி நிற்பார்கள், இரு குழுவும் நடுத்திடலில் நெருக்கியடித்துக்கொண்டு விளையாடும். அது போனதும் நடுத்திடல் திறந்தது, உண்மை. அதோடு தற்காப்பாளர்களுக்கு முன்னேறி நிற்கும் காரணமும் போனது. தாக்குதல்காரர் கோல் காவலருக்குப் பக்கத்திலேயே நிற்கலாம் என்றால் அவரைக் காவல் காப்பவரும் அங்கேதானே நிற்பார்? நெரிசல் நடுத்திடலிலிருந்து வட்டத்துக்குக் குடிபெயர்ந்தது.

2009இல் வந்த மாற்றம் இன்னும் புத்திசாலித்தனமானது. அதற்கு முன் தவறு நடந்து ஃப்ரீ ஹிட் கிடைத்தால் பந்தை இன்னொருவருக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்குள் எதிரணி திரும்பி ஓடி அணிவகுத்துவிடும். இப்போது ஃப்ரீ ஹிட் எடுப்பவரே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். கூட்டம் சேர நேரம் கொடுக்காத விதி இது. கடந்த முப்பது ஆண்டு ஹாக்கி மாற்றங்களில் ஆட்டத்தை உண்மையிலேயே வேகமாக்கியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வட்டத்துக்கு அருகில் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டில் பந்து 5 மீட்டராவது நகர்ந்த பிறகே உள்ளே போகலாம் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. குவிந்து நிற்கும் கால்களை நோக்கி ஓங்கி அடிப்பதை அது கொஞ்சம் தடுக்கிறது.

நமக்கு நன்கு தெரிந்த கபடியிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பிரச்சினை நெரிசல் அல்ல, இழுத்தடிப்பு. முன்னிலையில் இருக்கும் குழு பாடிப் போய், யாரையும் தொடாமல், கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நேரத்தைக் கழிக்கும். 2014இல் தொடங்கிய புரோ கபடியில் அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் போனவர் அவுட் என்று வைத்தார்கள். யாரும் யாரையும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. இழுத்தடித்தால் நட்டம் என்று ஆக்கினார்கள், ஆட்டம் மாறியது.

காற்பந்தில் இப்படி எதுவும் இல்லாததால்தான், 2014 முதல் லீக் பட்டத்தைக் கைவிடாத ஜேடிடி குழுவுக்கு எதிராக ஆட வருகிறவர்கள் இஸ்கண்டார் புத்ரியில் கோலுக்கு முன்னால் பேருந்தை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு அதில் நட்டம் எதுவும் இல்லை. பணம் கொடுத்து டிக்கெட் எடுத்தவருக்குத்தான் நட்டம்.

இனி நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தைத் திறக்க அனைத்துலக ஹாக்கிச் சம்மேளனம் கண்டுபிடித்த பெரிய வழி ஆளைக் குறைப்பது, அதாவது ஐவர் ஹாக்கி. 2024 ஜனவரியில் ஓமானின் மஸ்கட்டில் அதன் முதல் உலகக் கிண்ணம் நடந்தது. ஆடவர் இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் 2-5 என்று தோற்று மலேசியா இரண்டாம் இடம் பெற்றது. பதினொருவர் ஹாக்கியில் உலகக் கிண்ண இறுதிக்கு நாம் ஒருமுறைகூடப் போனதில்லை. 1975இல் கோலாலம்பூரில் அரையிறுதியில் இந்தியாவிடம் 2-3 என்று தோற்று நான்காம் இடம் பிடித்ததுதான் இன்றுவரை உச்சம்.

ஐவர் ஆட்டத்தில் இடம் அதிகம் என்று நினைப்போம். கணக்கு வேறு சொல்கிறது. அதன் திடல் அதிகபட்சம் ஏறக்குறைய 55க்கு 42 மீட்டர். பத்துப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 230 சதுர மீட்டர். பதினொருவர் ஆட்டத்தில் கிடைக்கும் அதே அளவு! வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே வட்டம் கிடையாது, எங்கிருந்தும் கோல் அடிக்கலாம். பெனால்டி கார்னரும் கிடையாது. பெரிய தவறுக்கு ஒருவர் பந்தோடு ஓடிக் கோல் காவலரை நேருக்கு நேர் சந்திக்கிறார். கூடி நின்று காப்பதற்கென்று ஓர் இடமே இல்லை, கால் தேடுவதற்கும் காரணம் இல்லை.

இது தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஏன் முக்கியம்? நாட்டில் 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள தமிழ்ப்பள்ளிகள் கணிசமானவை. குளுவாங், சிகாமாட், கோத்தா திங்கி பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகளை எல்லாரும் அறிவோம். ஆறு வகுப்பும் சேர்ந்து 60 பேர் படிக்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேர். அதில் பையன்கள் பத்து. பதினொருவர் குழுவே அங்கே அமையாது. ஐவர் ஆட்டத்துக்கு ஒரு குழு அமைத்து, வெளியே உட்கார ஆளும் மிஞ்சும். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு குழு அமையும்.

ஆனால் ஐவர் ஆட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பதினொருவர் ஆட்டம்தான். மாநிலக் குழுத் தேர்வும் அதில்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு, புல்லில் பழகிய பிள்ளை முதல் நாளே பந்தின் வேகத்தில் தடுமாறுகிறது. எந்த விதி மாற்றத்தையும்விட அந்தத் தரை மாற்றம்தான் தோட்டத்துப் பிள்ளைகளை அதிகம் வெளியே தள்ளியது. அதற்கு விதிப் புத்தகத்தில் வழி கிடையாது, திடலும் பேருந்துக் கட்டணமும்தான் வேண்டும்.

விதியால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹாக்கியில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆள் மாற்றத்துக்கு வரம்பே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வெளியே போகலாம். பெரிய பட்டணத்துப் பள்ளி ஏழு பேரை வெளியே வைத்துக்கொண்டு சுழற்றுகிறது. சிறிய பள்ளியின் குழுவுக்கு வெளியே ஒருவரோ இருவரோதான். முதல் பாதியில் சமமாக நிற்கும் சிறிய குழு கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடுகிறோம். பாதி அளவுக்காவது அது வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை.

ஏஎஃப்எல் செய்ததைப் போல், பள்ளி அளவில் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை ஆள் மாற்றம் என்று வரம்பு வைத்தால் இரண்டு நன்மை கிடைக்கும். எல்லாக் கால்களும் ஒரே அளவு களைக்கும், அதனால் கடைசி நேரத்தில் வட்டத்துக்குள் பத்துப் பேர் ஓடிவந்து நிற்பது குறையும். பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் உள்ள தூரமும் சற்றுச் சுருங்கும். நம் வெயிலில் பிள்ளைகளை அளவுக்கு மீறி ஓடவிடக் கூடாது என்று ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். காயத்துக்கும் மயக்கத்துக்கும் விலக்குக் கொடுத்து, தண்ணீர் இடைவேளையைக் கட்டாயமாக்கி, ஆட்ட நேரத்தைக் குறைத்து அதைச் சமாளிக்கலாம்.

2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. மாவட்டப் போட்டிகளுக்கான விதிமுறைகளைப் பேச விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் கூடும்போது, ஐவர் பிரிவு ஒன்றையும் ஆள் மாற்ற வரம்பையும் சோதனையாக ஓர் ஆண்டு வைத்துப் பார்க்கலாமா என்று சிறிய பள்ளிகளின் ஆசிரியர்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். பெரிய பள்ளிகளுக்கு இதைக் கேட்க எந்தக் காரணமும் இல்லை.