சாட்டிக் கிணறுகளும் பிரதேச சபைப் பயிற்சியும்

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளூராட்சி மன்ற ஊழியர்களுக்கு இடர் முகாமைத்துவப் பயிற்சி வேண்டும் என்பதை இனி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எத்தகைய பயிற்சி, யாருக்கு என்பதுதான் கேள்வி. வேலணையின் சாட்டியை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

வெளியூரவர்களுக்குச் சாட்டி ஒரு கடற்கரை. தீவக மக்களுக்கோ அது நன்னீர்க் கிணறுகள் உள்ள இடம். அங்கு மழைநீர், நிலத்தடியில் உப்புநீருக்கு மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. புயலோடு கடல் உட்புகுந்தால் முதலில் கெட்டுப்போவது இந்த நீர்தான்.

அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது? கிணற்றை இறைத்துவிட வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் அதைத்தான் செய்தார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் பம்பிகளை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். மேலிருந்த நன்னீர் குறைய, அடியிலிருந்த உப்புநீர் மேலேறியது. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம், மழை கழுவ விடுங்கள் என்று நிபுணர்கள் பின்னர் அறிவுறுத்தினர். அதற்குள் பல கிணறுகளில் நிலைமை மோசமாகியிருந்தது. பயிற்சி இல்லாத உதவியும் ஓர் இடர்தான்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சனாதிபதி தலைமையில் ஒரு தேசிய பேரவையையும் அதன்கீழ் இடர் முகாமைத்துவ நிலையத்தையும் உருவாக்கியது. களத்தில் பணி மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்ற வரிசையில் இறங்குகிறது. பிரதேச சபை அந்த வரிசைக்கு வெளியே, மக்களால் தெரிவுசெய்யப்படும் வேறோர் அமைப்பு. ஆனால் வடிகாலைத் திறப்பதும், கழிவை அகற்றுவதும், பவுசரில் தண்ணீர் கொண்டுபோவதும் அதன் ஊழியர்களே. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பின்னரே தவிசாளர்களும் உறுப்பினர்களும் மீண்டும் வந்தார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். ஆகவே இந்தத் தொடர்பைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

தீவகத்துக்கு இது மேலும் அவசரமானது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குத் தரைவழி பண்ணை வீதி மட்டுமே. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான பாதைச் சேவையைப் புயல் நேரத்தில் நம்ப முடியாது. நெடுந்தீவும் நயினாதீவும் படகையே நம்பியிருப்பவை. வீதியில் தண்ணீர் ஏறினால், யாழ். மாநகர சபையின் தீயணைப்பு வாகனமோ வேறு உதவியோ வந்துசேரும்வரை இருப்பவர்களே சமாளிக்க வேண்டும்.

எனவே பயிற்சி உத்தியோகத்தர்களோடு நின்றுவிடக் கூடாது. பவுசர் சாரதிக்கும், பம்பி இயக்குநருக்கும், சுகாதாரத் தொழிலாளிக்கும் அது போய்ச்சேர வேண்டும். நகர மண்டபம் ஒன்றில் அல்ல, சாட்டியிலேயே நடக்க வேண்டும். எந்தக் கிணற்றை இறைக்கலாம், எதைத் தொடக்கூடாது, உப்புத்தன்மையை யார் அளப்பது, மின்சாரம் நின்றால் எரிபொருள் எங்கே, தொலைபேசி இயங்காதபோது பிரதேச செயலகத்துக்கு யார் நேரில் செல்வது என்பவற்றுக்குப் பெயர் குறித்த பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும். இடமாற்றங்கள் நடப்பதால் ஆண்டுதோறும், மாரி தொடங்கும் ஒக்ரோபருக்கு முன், அதை ஒத்திகை பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. வேலணை பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதினால் தொடங்கிவிடலாம்.