எம்மைப் பற்றிய ஆய்வு எமக்கு வரட்டும்

எமது தோட்டங்களிலிருந்து க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு வருடமும் ஒலுவிலுக்குப் போகிறார்கள். மலை இறங்கி, அம்பாறையைக் கடந்து, காரைதீவுச் சந்தியில் கரையோர வீதிக்கு ஏறி, நிந்தவூரையும் தாண்டினால் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய எமது பெருமை வேறு விடயம். அங்கே எழுதப்படும் ஆய்வுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

எழுதுவதில் அவர்கள் குறை வைக்கவில்லை. சர்வதேச ஆய்வு மாநாடுகள் நடக்கின்றன, பீடங்கள் ஆய்விதழ்களை வெளியிடுகின்றன, நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. காசு கட்டாமலே திறந்து பார்க்கலாம். தமிழில் எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. மற்றப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இது பாராட்ட வேண்டிய காரியம். தோட்டத்துறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்தத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், எந்த மாதர் சங்கத்தில், எந்தத் தலைவர் வீட்டில் அப்படியொரு கட்டுரையை யாராவது வாசித்துக் காட்டியிருக்கிறார்களா? நாம் கண்டதில்லை.

நாம் காண்பதெல்லாம் வினாக்கொத்துதான். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து லயத்துக்கு வருவார்கள். வீட்டில் எத்தனை பேர், கடன் எவ்வளவு, கக்கூஸ் இருக்கிறதா, புருஷன் குடிப்பாரா என்று கேட்பார்கள். எமது பெண்களும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த களைப்போடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பதில் சொல்லி அனுப்புவார்கள். குடியைப் பற்றி எத்தனை ஆய்வு வேண்டுமானாலும் செய்யட்டும். தராசைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை? தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூடவா இடமில்லை? பிள்ளைகள் பரீட்சையில் பின்தங்குவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மை காரணமா என்று கேட்பவர், அந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் எத்தனை தவணையாக இல்லை என்பதையும் சேர்த்தல்லவா கேட்க வேண்டும்?

ஆராய்ச்சி என்றாலே அது மேலே இருப்பவர்களின் காரியம், லயத்துக்கு வராது என்று சிலர் நினைக்கலாம். அது உண்மையில்லை, தோழர்களே. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1925இல் தொடங்கியது. நாம் வீ.பி. மலை என்று சொல்கிறோமே, அந்தச் செடிகளில் பல அங்கே தெரிந்தெடுத்த இனங்கள். எந்த உரத்தை எப்போது போடுவது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவது என்பதெல்லாம் ஆய்வு செய்து சொல்லப்பட்டவைதான். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. என்றாலும் அது தவறணைக்கும் மலைக்கும் வந்து, எமது கைகளில் வேலையாக மாறியது. துரைமாருக்கு அது தேவைப்பட்டது, ஆகவே கொண்டுவந்து சேர்த்தார்கள். தேயிலைச் செடிக்கு நூறு வருட ஆராய்ச்சி இருக்கிறது. அந்தச் செடியில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகுக்கும் முழங்காலுக்கும் அப்படியொரு நிலையம் எங்கே இருக்கிறது?

இதனால் நாம் இழப்பது என்னவென்று சம்பளப் போராட்டத்தைப் பார்த்தால் விளங்கும். 2021 மார்ச் மாதத்தில் சம்பளச் சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்தையும் கைவிட்டன. பல தோட்டங்களில் நிறையைக் கூட்டி, எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். 2024இல் 1,700 ரூபா என்று அறிவித்தபோதும் அதே கதை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வர்த்தமானி இடைநிறுத்தப்பட்டு, செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் கம்பனிக்காரர் மேசைக்குக் கோப்புகளோடு வருகிறார்கள். ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு, ஒரு தொழிலாளி பறிக்கும் சராசரி, கென்யாவில் எவ்வளவு பறிக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாம் அவர்களிடம் உண்டு. அந்தக் கணக்கைப் போடுபவர்களும் அவர்களுடைய ஆட்களே. காடாகிப் போன மலையில் எவ்வளவு பறிக்க முடியும், ஒரு குடும்பத்துக்கு மாவும் பருப்பும் பஸ் கட்டணமும் மாதத்துக்கு என்ன முடிகிறது என்ற எமது கணக்கைப் போட்டுத் தர எந்தப் பல்கலைக்கழகம் முன்வந்தது?

ஒலுவிலைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் யாரோ கொழும்பில் இருந்து மனமிரங்கித் தந்ததல்ல. யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்க முடியாமல் இடம்பெயர்ந்த முஸ்லிம் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் கரையோர மக்கள் கேட்டார்கள். கல்முனையில் வளர்ந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அமைச்சராக இருந்து அதைக் கேட்டு வாங்கினார். 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த மே மாதமே முழுப் பல்கலைக்கழகமானது. மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று நாமும் கேட்கிறோம். எமக்கும் அமைச்சர்கள் இருந்தார்கள். (அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.) மக்கள் கேட்டுப் பிறந்த ஒரு நிறுவனத்திடம்தான் மக்களுக்குக் கணக்குக் காட்டு என்று உரிமையோடு கேட்க முடியும்.

அந்தக் கரையோரத்தவரும் எமது நிலையில்தான் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் 2013இல் ஒலுவில் துறைமுகத்தைத் திறந்தார்கள். அதைக் கட்டியதிலிருந்து கடல் கரையை அரித்து, தென்னந்தோட்டங்களையும் தோணி இழுத்துவைத்த இடங்களையும் கொண்டுபோனது. கரையரிப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள், நல்ல காரியம். மீனவச் சங்கம் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசும் நிலை வந்தால் அல்லவா அதற்குப் பலன்? மருதமுனை நெசவாளிக்கும் ஹிங்குராணைக் கரும்புத் தோட்டத்தில் வெட்டுபவருக்கும் இதே கேள்வி உண்டு.

விரிவுரையாளர்களின் பதிலும் எமக்குத் தெரியும். பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், வெளிநாட்டு ஆங்கில ஆய்விதழில் வந்தால் புள்ளி கூட, உலகத் தரவரிசையும் அதைத்தான் பார்க்கிறது என்பார்கள். அது பொய்யல்ல. ஆங்கிலத்தில் எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்களது சம்பளத்தோடு ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு கொடுப்பனவும் போகிறது. அது எமது சீனியிலும் மாவிலும் வெட்டிய வரிக்காசு. ஆங்கிலக் கட்டுரைக்குப் பின்னால் தமிழில் நான்கு பக்கம் எழுதுவதால் எந்தப் பேராசிரியரின் தரமும் குறையாது. கேரளத்தில் 1962இல் விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சாஸ்திர சாகித்திய பரிஷத் என்றோர் அமைப்பைத் தொடங்கி, விஞ்ஞானத்தை மலையாளத்தில் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட அரசாங்கம் கிளம்பியபோது, அந்தத் திட்டத்தைத் தாங்களே ஆய்வு செய்து அறிக்கையாக்கி மக்களிடம் வைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

ஆகவே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திடமும், தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் மற்றப் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்பது பெரிய விடயமில்லை. எந்தத் தோட்டத்தில் தகவல் எடுத்தீர்களோ அந்தத் தோட்டத்துக்கு முடிவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்கள். கேள்வியைத் தயாரிக்கும் முன் தோட்டக் கமிட்டியோடு அரை மணி நேரம் இருங்கள். அங்கே படிக்கும் எமது பிள்ளைகளே, இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். அம்மாவிடம் கேளுங்கள், தலைப்புக் கிடைக்கும்.

கமிட்டித் தலைவர்கள் இந்த இதழை அடுத்த கூட்டத்தில் வாசித்து, ஆய்வு செய்ய வேண்டியவை என்று தொழிலாளர் சொல்லும் கேள்விகளை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றைத் தொகுத்து ஒலுவிலுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். இப்போதைக்கு எமது கையில் இரண்டு இருக்கின்றன. ஒரு வருடத்தில் ஒரு தொழிலாளிக்குக் கழிவு என்ற பெயரில் போகும் கொழுந்தின் காசு எவ்வளவு? அரைப்பேர் விழுந்த நாட்களால் அவருடைய சேமலாப நிதியில் குறைந்தது எவ்வளவு?