‘மல்லாட்டை’ கொச்சைச் சொல்லா?

கடலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சிதம்பரம் வந்து படிக்கும் மாணவன், “மல்லாட்டை வாங்கலாமா?” என்று கேட்டால் வெளியூர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “வேர்க்கடலை என்று சொல்லடா!” என்று திருத்துகிறார்கள். அதன்பின் அவன் வாய் திறக்கவே கூசுகிறான். இது முறையா?

அச்சொல்லைச் சற்று ஆராய்வோம். வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் அதைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். அத்தீவுகளின் தலைநகரான மணிலாவின் பெயரால் நம் பக்கத்தில் அது ‘மணிலாக்கொட்டை’ எனப்பட்டது. விரைந்து பேசும் நாவில் அப்பெயர் ‘மல்லாக்கொட்டை’யாகி, பின் ‘மல்லாட்டை’ எனத் தேய்ந்தது. ஒரு பயிரின் கடற்பயணமே இச்சொல்லில் அடங்கியிருக்கிறது!

புதுச்சேரி ‘புதுவை’ ஆனதும், கோயம்புத்தூர் ‘கோவை’ ஆனதும் இத்தகைய தேய்வினால்தான். அவற்றை ‘மரூஉ’ என்று இலக்கணம் ஏற்கிறது. ஊர்ப்பெயருக்கு ஒரு நீதி, உழவர் சொல்லுக்கு வேறு நீதியா?

தேர்வில் ‘நிலக்கடலை’ என்றே எழுதுங்கள். எல்லா ஊராருக்கும் புரிய வேண்டுமல்லவா? ஆனால் வீட்டில் வழங்கும் சொல்லுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பூச்சியையும் இலையையும் சேகரிப்பதுபோல உங்கள் பாட்டியின் சொற்களையும் குறிப்பேட்டில் சேகரியுங்கள். ஏளனம் செய்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது, “ஏன் இப்படிச் சொல்கிறோம்?” என்று கேட்பவனுக்கே அறிவியல் கிட்டும்.