பம்ப் மாறினால் மூச்சு மாறுமா? கடலூர், சிதம்பரம் வீசிங் நோயாளிகளின் சந்தேகம்

கடலூர்:

"பழைய கம்பெனி பம்ப் அடிச்சா ரெண்டு நிமிஷத்துல இழுப்பு அடங்கிடும். இது என்னவோ காத்துதான் வருது." ஜெனரிக் மருந்துக்கு மாறிய ஆஸ்துமா நோயாளிகள் பலரும் சொல்லும் புகார் இது.

நம்ம மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பக்கம் கடலூர் சிப்காட் கெமிக்கல் நெடி. இன்னொரு பக்கம் நெய்வேலி அனல் மின் நிலையங்கள். விறகு அடுப்பில் ஊதி ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பாட்டிகளும், பீடியை விட முடியாத தாத்தாக்களும் தனிக்கணக்கு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. தனியார் டாக்டர் எழுதிய கம்பெனி மருந்தை வாங்கிப் பழகியவர்கள் அங்கே போனால், வேறு கலர், வேறு அட்டையில் மருந்து கைக்கு வருகிறது. 2025 பிப்ரவரி 24-ந்தேதி தமிழகம் முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. விலை 75 சதவீதம் வரை குறைவு என்று அரசு சொன்னது. சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. இவ்வளவு சீப்பா கொடுத்தா அதுல மருந்து இருக்குமா?

ஒரிஜினல் எது?

இங்கேதான் ஒரு வேடிக்கை. நீல பம்ப் என்றதும் நம்ம ஆட்கள் வாயில் வருவது 'அஸ்தாலின்'. அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் சால்பூட்டமால். அதை 1969-ல் 'வென்டோலின்' என்ற பெயரில் முதலில் விற்றது இங்கிலாந்தின் கிளாக்ஸோ குழுமம். அதையே இந்தியாவின் சிப்லா தயாரித்து வைத்த பெயர்தான் அஸ்தாலின். அதாவது நீங்கள் 'ஒரிஜினல்' என்று நம்பி வாங்குவதே பெயர் ஒட்டிய ஜெனரிக்தான். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1995 முதல் மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு பேட்ச்சையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகே வெளியே விடுகிறது. ஓசி மருந்து என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்காக நோயாளிகளின் பயம் வெறும் பிரமை என்று தள்ளவும் முடியாது. உடம்பில் கலக்கும் வேகமும் அளவும் ஒரிஜினலுக்குச் சமமா என்று பார்க்கும் சோதனையை, சீக்கிரம் கரையாத மருந்து வகைகளுக்கு மத்திய அரசு கட்டாயம் ஆக்கியதே 2017-ல்தான். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டக் கம்பெனி ஒன்று தயாரித்த 'கோல்ட்ரிப்' இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் விஷ ரசாயனம் இருந்தது தெரிய வந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். ஆனால் ஒன்று, அதுவும் பெயர் ஒட்டிய பிராண்டு மருந்துதான். பெயர் இருந்தால் தரம் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

மருந்து அதே, கருவி வேற

மாத்திரை என்றால் முழுங்கிவிட்டுப் போய்விடலாம். நுரையீரல் மருந்து அப்படி இல்லை. மருந்து ஒன்றாக இருந்தாலும், அதை நெஞ்சுக்குள் கொண்டுபோகும் கருவி மாறினால் கதையே மாறிவிடும். கேஸ் பம்ப்பை நல்லா குலுக்கி, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் கேப்சூல் கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றுக்குப் பழகினவர் அதே மாதிரி மற்றதையும் இழுத்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். ஒரு கம்பெனி கேப்சூலை இன்னொரு கம்பெனி கருவியில் போட்டால் பவுடர் முழுசாக வராமலும் போகலாம். கேப்சூலைத் தண்ணீர் விட்டு முழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், யாரும் சொல்லித் தரவில்லை என்றால் அப்படித்தான் ஆகும்.

கலரை வைத்து மருந்தை அடையாளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். இழுப்பு வந்ததும் அடிக்கும் பம்ப் வேறு. வராமல் தடுக்க தினமும் அடிக்கும் ஸ்டீராய்டு பம்ப் வேறு. கலர் மாறி, தடுப்பு பம்ப்பை அவசரத்துக்கு அடித்தால் உடனே கேட்காது. "இது டூப்ளிகேட்" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

உண்மையிலேயே கவனம் வேண்டிய மருந்து தியோபிலின் மாத்திரை. ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு வரும். குறைந்தால் வேலை செய்யாது. இங்கிலாந்திலேயே இதை அடிக்கடி பிராண்டு மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

யார் மாற்றலாம்?

டாக்டர் சீட்டில் ஒரு பெயர் எழுதியிருக்க, மெடிக்கல்காரர் வேறு கம்பெனி மருந்தைக் கொடுப்பது தெருவுக்குத் தெரு நடக்கிறது. சட்டப்படி, எச் பட்டியல் மருந்துகளுக்கு அது கூடாது. டாக்டர் மூலப்பெயரை எழுதினால்தான் நோயாளிக்கு வழி திறக்கும். ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. டாக்டர்கள் சங்கம் எதிர்க்க, அதே மாதம் 23-ந்தேதி நிறுத்தி வைத்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது கூலிக்குப் போகிறவன்தான்.

காசு இல்லாமல் தடுப்பு பம்ப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிப்பது, இழுப்பு வந்தால் மட்டும் நீல பம்ப்பில் ஓட்டுவது, இதுதான் ஜெனரிக்கைவிடப் பெரிய ஆபத்து. ஒழுங்காகத் தினமும் அடிக்கிற சீப்பான மருந்து, பாதியில் நிறுத்திய காஸ்ட்லி மருந்தைவிட மேல்.

மாறப்போகிறவர்கள் டாக்டரிடம் மூலப்பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். புது கருவியை நர்ஸ் முன்னாடியே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். பழைய பம்ப் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மாறுங்கள். ஸ்டீராய்டு பம்ப் அடித்த பிறகு வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள். நீல பம்ப் அடித்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை, பேச்சு திணறுகிறது என்றால், எந்தக் கம்பெனி பம்ப் என்று ஆராயாமல் உடனே 108-க்கு போன் அடியுங்கள்.